புதிய ஊடக ஆய்வும் நாலு லோடு ஜல்லியும்

"புதிய ஊடகங்களும் சமூகத் தாக்கங்களும்". இந்தத் தலைப்புல கருத்தரங்கம் நடத்தாத காலேஜ் ஒண்ணு தமிழ்நாட்டுல இருக்குன்னு யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னா, என் செலவுல ஒரு முழு கோயில் இட்லி. மந்தாரை இலை போட்டு மூங்கில் குடலையில வேக வெச்சது, சுக்கும் மிளகும் தூக்கலா. பந்தயத்துல தோக்க மாட்டேங்கற தைரியத்துலதான் சொல்றேன் :-)

சும்மா நக்கல் இல்லை மக்களே, வயித்தெரிச்சல். இந்த மாதிரி கருத்தரங்க மலர்கள் அஞ்சாறு என் அலமாரியில கிடக்கு. தெரிஞ்சவங்க கட்டுரை வந்திருக்கும், ஒரு காப்பியைக் கைல திணிச்சுடுவாங்க. படிக்காம இருக்க மனசு வராது. எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. முதல் பக்கத்துல மார்ஷல் மெக்லூஹன் 1964ல சொன்னது. ரெண்டாவது பக்கத்துல இந்தியாவுல இத்தனை கோடிப் பேர் இணையத்துல இருக்காங்கன்னு ஒரு எண். மூணாவது பக்கத்துல அதே காலேஜ் மாணவர்கள் நூறு பேர்கிட்ட எடுத்த சர்வே, அதுக்கு ஒரு வட்டப்படம், அஞ்சு கலர்ல. கடைசியா முடிவுரை: ஊடகத்தால் நன்மையும் உண்டு தீமையும் உண்டு, பயன்படுத்துவோர் கையில்தான் இருக்கிறது. அடப்பாவிகளா, இதைச் சொல்றதுக்கு ஒரு முனைவர் பட்டமா? எங்க தெருமுனை டீக்கடைக்காரர் காசு வாங்காமலே சொல்லுவாரே.

என் கட்சி ரொம்ப சிம்பிள். ஒரு ஊடகம் சமூகத்தை என்ன பண்ணுதுன்னு தெரியணும்னா திரையையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தா பிரயோசனம் இல்லை. திரைக்கு வெளியில என்ன நகர்ந்துதுன்னு பார்க்கணும். தெருவுல, தறியில, கோயில் வரிசையில. அதுக்கு ஒரு ஊர்ல போய் உக்காரணும். உக்கார்றவங்களைக் கைவிரல் விட்டு எண்ணிடலாம். மத்தவங்க அடிக்கறது ஜல்லி.

எங்க ஊரையே எடுத்துக்கோங்களேன். 2019 ஜூலை 1லேர்ந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் காஞ்சிபுரத்துல என்ன நடந்ததுன்னு நினைவிருக்கா? வரதராஜப் பெருமாள் கோயில் அனந்தசரஸ் குளத்துக்குள்ள இருக்கற அத்திமரச் சிலையை நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வெளிய எடுப்பாங்க. வசந்த மண்டபத்துல ஜூலை முழுக்க சயனக் கோலம், ஆகஸ்ட் 1லேர்ந்து நின்ற கோலம், 48 நாள் முடிஞ்சதும் திரும்பக் குளத்துக்குள்ள. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி எங்க ஊர்ல இருக்கறது ஒன்றரை லட்சம் பேருக்குக் கொஞ்சம் மேல. அந்த 48 நாள்ல வந்துட்டுப் போனவங்க சுமார் ஒரு கோடின்னு சொன்னாங்க. ஜனாதிபதியே வந்தார். ஜூலை 18 அன்னிக்குக் கூட்டத்துல நாலு பேர் செத்துப் போனாங்க.

அப்போ எல்லார் வாயிலயும் ஒரே பேச்சு: "எல்லாம் இந்த வாட்ஸப்பால வந்த வினை." (இதையும் வாட்ஸப்லதான் சொன்னாங்கங்கறது தனி காமெடி.) இன்னொரு கோஷ்டி, "வாட்ஸப்பாவது மண்ணாவது, பக்தி சார் பக்தி." ரெண்டு கோஷ்டியும் மல்லுக்கட்டினாங்களே ஒழிய, எவ்வளவு எதனாலன்னு பிரிச்சுப் பார்க்க ஒருத்தர் நோட்டுப் புத்தகத்தோட எங்க தெருப் பக்கம் வந்ததை நான் பார்க்கல. டிவி வேன் வந்தது. டிரோன் வந்துது.

இதுல என் ஆத்தாமை என்னன்னா, இந்த மாதிரி ஒரு சோதனைச்சாலை உலகத்துல எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அமையாது. அதே சிலை, அதே குளம், அதே ஊர், சரியா நாப்பது வருஷ இடைவெளி. 1939, 1979, 2019. இதோட இந்தத் தேதிகளையும் வெச்சுப் பாருங்க. சென்னை வானொலி நிலையம் ஆரம்பிச்சது 1938 ஜூன் 16. சென்னைத் தூர்தர்ஷன் ஆரம்பிச்சது 1975 ஆகஸ்ட் 15. ஜியோ வந்தது 2016 செப்டம்பர் 5. பெருமாள் குளத்தை விட்டு வெளிய வரும்போதெல்லாம் நம்ம ஊருக்கு ஒரு புது ஊடகம் வந்து ஒண்ணுலேர்ந்து நாலு வருஷம்தான் ஆகியிருக்கு! தற்செயல்தான், இதுல தெய்வ சங்கல்பம்லாம் நான் தேடல. ஆனா ஆராய்ச்சி பண்றவனுக்கு நாக்குல எச்சில் ஊற வேண்டாமா?

"ஜனத்தொகை கூடிப்போச்சுப்பா, அதான் கூட்டம்"னு சொல்லலாம். சரி, 1981 கணக்குல தமிழ்நாட்டு ஜனத்தொகை 4.84 கோடி. 2011ல 7.21 கோடி. ஒண்ணரை மடங்கு. வந்த கூட்டம் ஒண்ணரை மடங்காவா இருந்துது? 1979ல போய்ட்டு வந்த எங்க தெருப் பெரியவங்களைக் கேளுங்க, நின்னு நிதானமா சேவிச்சுட்டு வந்த கதையைச் சொல்லுவாங்க. பஸ் கூடியிருக்கு, கார் கூடியிருக்கு, பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்துலயே ஓடுது. எல்லாம் உண்மை. இதையெல்லாம் கழிச்சுட்டு மிச்சம் என்னன்னு பார்க்கறதுதானே ஆராய்ச்சி? "வாட்ஸப்பால வந்தது"ன்னு ஒரு வரி எழுதறதுக்கு ஆராய்ச்சியாளர் எதுக்கு.

நான் ஆராய்ச்சியாளன் கிடையாது. ஆனா அந்த 48 நாளும் எங்க சொந்தக்காரங்க குரூப்புல இருந்தேன். அங்க பார்த்ததைச் சொல்றேன்.

"இதை விட்டா இனி 2059லதான்". இதுதான் எல்லா மெசேஜுக்கும் அடிநாதம். பாக்கறவங்க எல்லாம் மனசுக்குள்ள ஒரு கணக்குப் போடுவாங்க, 2059ல எனக்கு என்ன வயசு? அம்பது தாண்டினவங்களுக்கு அந்தக் கணக்கோட விடை வயித்தைக் கலக்கும். இதே வாக்கியம் 1979லயும் இருந்திருக்கும், அப்பாவோ தாத்தாவோ ஒரு தடவை சொல்லியிருப்பார், அதோட சரி. 2019ல அதே வாக்கியத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை இருபது உறவுக்காரங்க சொன்னாங்க. அதுவும் வெறுமனே சொல்லல, போய்ட்டு வந்த போட்டோவோட. செங்கல்பட்டுப் பெரியம்மா போய்ட்டாங்க. சேலத்து மாமா மூட்டு வலியோட போய்ட்டார். "உள்ளூர்லயே இருந்துக்கிட்டு நீ இன்னும் போகலையாடா?"ன்னு எனக்கே வந்தது.

இங்கதான் விஷயம் இருக்கு. பேப்பர் என்ன பண்ணும்? ஒரு சம்பவம் நடக்குதுன்னு சொல்லும். போறதும் போகாததும் உங்க இஷ்டம். ஆனா சொந்தக்காரங்க ஸ்டேட்டஸ் ஒரு வருகைப் பதிவேடு. யார் போனா யார் போகலன்னு ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் போகாட்டி என்ன ஆகுமோ அது இங்கயும் ஆகும். செய்தி அழைப்பா மாறிடுச்சு, அழைப்பு கடமையா மாறிடுச்சு. "நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வாட்ஸப் பயன்படுத்துகிறீர்கள்?"னு கேட்டு வட்டப்படம் போட்டா இது அதுல எந்தக் கலர்ல வரும்?

அப்புறம் அந்தப் பட்டுக் கலர். சாமிக்கு தினம் ஒரு கலர்ல பட்டு சாத்தினாங்க. விடியக்காலையில குரூப்புல முதல் படம் அதுதான், இன்னிக்கு மஞ்சள், இன்னிக்கு நீலம்னு. அசையாத ஒரு சிலையை 48 எபிசோட் சீரியல் மாதிரி ஆக்கிடுச்சு இந்தப் போன். ஒரு தடவை பார்த்தவங்களே, "நின்ற கோலத்துல இன்னும் பார்க்கல"ன்னு ரெண்டாந்தடவை வந்தாங்க. இன்னொண்ணு, "ராத்திரி ரெண்டு மணிக்குப் போனா கூட்டமே இல்லை"ன்னு ஒரு நல்ல மனுஷர் அனுப்பின மெசேஜ். அது ஊரெல்லாம் சுத்தி வந்த மறுநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க தெருவுல கால் வைக்க இடம் இல்லை. தகவல் உண்மையாத்தான் இருந்தது, பரவினதாலயே பொய்யாப் போச்சு. பொய்ச்செய்தி, உண்மை கண்டறிதல்னு பேசறவங்க இதை எந்தப் பெட்டியில போடுவாங்க?

புதிய ஊடகம், பழைய ஊடகம்னு நடுவுல வேலி போடறதும் கிறுக்குத்தனம். அந்த ஆகஸ்ட்ல கலெக்டர் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரை பாஸ் விஷயத்துக்காக எல்லார் எதிர்லயும் திட்டின வீடியோவை மறந்திருக்க மாட்டீங்க. போன்ல எடுத்தது குரூப்புக்குப் போச்சு, குரூப்லேர்ந்து டிவிக்குப் போச்சு, டிவியில வந்ததை மறுபடி போன்ல வெட்டி குரூப்புக்கே அனுப்பினாங்க. இதுல எது புதுசு எது பழசு? அந்த ஜூலை கடைசியிலதான் இந்தியாவுல எங்களுக்கு நாப்பது கோடிப் பயனாளர்கள்னு வாட்ஸப் கம்பெனி அறிவிச்சது. ஆய்வுக் கட்டுரை எழுதறவங்க அந்த எண்ணை மட்டும் ஓடி வந்து எடுத்துக்குவாங்க.

சரி, கூட்டம் வந்துது, சாமி பார்த்துது, போச்சு, இதுல என்ன குடி முழுகிடுச்சுன்னு கேக்கறவங்க ஒரு வருஷம் பின்னால போங்க. 2018 மே 9. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் பக்கம் அத்திமூர். எங்க ஊர்லேர்ந்து அப்படி ஒண்ணும் தூரம் கிடையாது. சென்னையிலேர்ந்து குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம். அதுல ஒரு வயசான அம்மா, வழியில இருந்த குழந்தைங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்க. பிள்ளை பிடிக்கறவங்கன்னு சந்தேகப்பட்டு ஊரே கூடி அடிச்சுது. அந்த அம்மா செத்துட்டாங்க. அதே வாரம் பழவேற்காட்டுலயும் ஒரு ஆளை அடிச்சுக் கொன்னு பாலத்துல தொங்க விட்டாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி வடமாவட்டம் பூரா சுத்திக்கிட்டு இருந்தது, "பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு, ஜாக்கிரதை"ங்கற வாட்ஸப் ஆடியோக்கள்.

யோசிச்சுப் பாருங்க. அதே போன், அதே சொந்தக்காரங்க குரூப், அதே அக்கறையான குரல். "உங்க குழந்தைங்களைப் பத்திரமாப் பார்த்துக்கங்க", "இதை விட்டா 2059லதான், அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க". ரெண்டும் அன்புலதான் ஆரம்பிக்குது. ஒண்ணு கோடிக் கால்களைக் கோயிலுக்குக் கூட்டி வந்தது. இன்னொண்ணு கையில கட்டையைக் குடுத்தது. குழாய் ஒண்ணுதான்னா வித்தியாசம் எங்கேர்ந்து வந்தது? அந்தந்த ஊர்ல ஏற்கனவே என்ன பயம், என்ன நம்பிக்கை, யாரைப் பார்த்தா வெளியாள்னு தோணும், இதுலேர்ந்துதான். குழாயை மட்டும் அளந்துக்கிட்டிருந்தா இது தெரியவே தெரியாது.

கம்பெனிக்காரங்க குழாயைத்தான் திருகினாங்க. 2018 ஜூலையில இந்தியாவுல ஒரு மெசேஜை அஞ்சு பேருக்கு மேல ஒரே நேரத்துல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு ஆக்கினாங்க. அத்திவரதருக்கு வந்த ஒரு கோடியும் அந்தக் கட்டுப்பாடு வந்ததுக்கு அப்புறம்தான்! நம்ம ஆளுங்க என்ன பண்ணினாங்கன்னா, "மக்களுக்கு ஊடக அறிவு பத்தல, சொல்லிக் குடுத்தா சரியாயிடும்"னு பட்டறை நடத்தினாங்க. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்லேர்ந்து ஷகுந்தலா பானாஜியும் ராம் பட்டும் இந்த வாட்ஸப் கொலைகளைப் பத்தி 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஊர் ஊராப் போய் ஜனங்ககிட்டப் பேசி எழுதினது. அவங்க சொன்னது, அறியாமையை விட முன்பே மனசுல இருக்கற வெறுப்பும் சந்தேகமும்தான் முக்கியக் காரணம்னு. கர்நாடகா, மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போனாங்க. தமிழ்நாட்டுக்கு வரல. சரி, நம்ம ஊர்க்காரங்க அத்திமூருக்குப் போயிருக்க வேண்டியதுதானே? பஸ் இருக்கு.

கேள்வித்தாள் ஆராய்ச்சியோட லட்சணத்தை நேராப் பார்க்கற பாக்கியமும் கிடைச்சுது. பிள்ளையார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணன், தறி போடறவர், வீட்டுல உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன். ஒரு பையன் வந்தான், ஏதோ காலேஜ், எம்.பில்லோ என்னவோ. நல்ல பையன், வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தான். தண்ணி குடிச்சுட்டு ஒரு பேப்பரை நீட்டினான். முதல் கேள்வி: தங்களிடம் திறன்பேசி உள்ளதா?

"இன்னா தம்பி அது?"

"ஸ்மார்ட் போன்ணே."

"எங்கிட்ட ஏது. பட்டன் போனுதான் வெச்சிருக்கறேன்."

பையன் "இல்லை"ன்னு ஒரு டிக் அடிச்சான். அடுத்த பதினஞ்சு கேள்விக்கும் "பொருந்தாது". "மிகவும் ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்தில்லை"ன்னு அஞ்சு கட்டம் போட்டு வெச்சிருந்த பக்கம் முழுக்கக் காலி. ஆக அறிவியல்பூர்வமா நிரூபணம் ஆயிடுச்சு, அண்ணன் புதிய ஊடகத்தால் பாதிக்கப்படாதவர்.

பையன் போனதும் நான் கேட்டேன், இப்போ தறியில இருக்கற சேலைக்கு டிசைன் எப்படி வந்ததுன்னு. முதலாளி ராத்திரி பையன் போனுக்குப் படம் அனுப்பினாராம். அது எங்கேர்ந்துன்னா, யாரோ ஒரு கல்யாணப் பொண்ணு ஏதோ நடிகை கட்டின சேலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கடைக்கு அனுப்பி, கடை முதலாளிக்கு அனுப்பி, முதலாளி இவருக்கு அனுப்பி. பாவு ஏத்தின பிறகு ஊடை கலரை மாத்தச் சொல்லி வாய்ஸ் மெசேஜ். தினம் சாயங்காலம் எவ்வளவு ஆச்சுன்னு தறியைப் போட்டோ எடுத்து அனுப்பணும். அனுப்பறது பையன். அந்தப் போட்டோவைக் கடைக்காரர் கஸ்டமருக்கு அனுப்புவார், "உங்க சேலை தறியில இருக்கு பாருங்க"ன்னு. கோர்வை போட்டு நெய்யற சேலைக்கு ரெண்டு ஆள் வேணும், மூணு நாடா ஓடணும், அவசரப்படுத்தினா கரை சேர்ற இடத்துல பல் இளிக்கும். அது போட்டோவுல தெரியாது. தேதி மட்டும் எல்லாருக்கும் தெரியும். முன்னாடி முதலாளி வாரத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பாராம். இப்போ தினமும் பார்க்கறார், வராமலே.

இந்த மனுஷன்தான் "பொருந்தாது"!

கைத்தறின்னதும் ஞாபகம் வருது, நம்ம கருத்தரங்கக்காரங்களுக்கு இன்னொரு செல்ல வசனம் உண்டு. "சமூக ஊடகம் இடைத்தரகர்களை ஒழித்து நெசவாளரை நேரடியாக நுகர்வோருடன் இணைக்கிறது." உடான்ஸ். சொல்றவங்க ஒரு தறி வீட்டுப் படி ஏறியிருந்தா தெரிஞ்சிருக்கும். இங்க பெரும்பாலான நெசவாளர் கூலிக்கு நெய்யறவர். பட்டு அவரோடது இல்லை, ஜரிகை அவரோடது இல்லை. முதலாளியோ சொசைட்டியோ குடுக்கற பாவையும் ஊடையையும் வாங்கி நெய்து குடுத்துக் கூலி வாங்கறவர். தறியில இருக்கற சேலை அவருக்குச் சொந்தமே கிடையாது. சொந்தமில்லாத சேலையை அவர் எந்த நுகர்வோரோட இணையறது? சொந்தமா பட்டு வாங்கிப் போட முதல் இருக்கணும், வித்த காசு வர்ற வரைக்கும் சாப்பாட்டுக்கு வழி இருக்கணும். போன் அதைக் குடுக்காது. முதல் இருக்கற சில குடும்பங்கள் நேர்ல வித்து நல்லா வந்திருக்காங்க, இல்லன்னு சொல்லல. ஆனா பெரும்பாலும் பழைய இடைத்தரகரோட புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்கார், அவ்வளவுதான். சென்னையிலயோ பெங்களூர்லயோ வீட்டுல உக்காந்துக்கிட்டு, கண்ணுல பார்க்காத சேலையோட போட்டோவுக்கு மேல தன் லாபத்தைச் சேர்த்து நாலு குரூப்புக்கு அனுப்பறவர்.

அப்புறம் பேர். 2005-06லயே காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. சில்க் மார்க் 2004லேர்ந்து இருக்கு. சேலையைக் கைத்தறிக்குன்னு ஒதுக்கின சட்டம் 1985லயே வந்தாச்சு. எல்லாம் இருக்கு. இப்போ போன்ல "காஞ்சிபுரம் பட்டு"ன்னு தேடுங்க. அறுநூறு ரூபாய்க்கு வரும், எண்ணூறுக்கு வரும். செமி சில்க், சாஃப்ட் சில்க், ஆர்ட் சில்க். இளம்பிள்ளையில நெய்தது, சூரத்துல நெய்தது. அந்த ஊர்க்காரங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லை, அவங்களும் பொழைக்கணும், அறுநூறு ரூபாய்ச் சேலை கட்டறவங்களும் ஆசையாக் கட்டட்டும். ஆனா "காஞ்சிபுரம்"ங்கறது ஒரு ஊர்ங்கறது போய், அகலக் கரையும் கெட்டி முந்தியும் இருந்தா அதுக்குப் பேர் காஞ்சிபுரம்னு ஆயிடுச்சு. தேடுபொறிக்கு ஊர் தெரியாது, ஒட்டின சீட்டு மட்டும்தான் தெரியும். ஒரு ஊரோட பேர் அந்த ஊரை விட்டுப் பிரிஞ்சு போறதை விடப் பெரிய "சமூகத் தாக்கம்" இருக்கா? இதைப் பத்தி ஒரு வட்டப்படம் கூட நான் பார்க்கல.

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தைன்னாலும் பரவாயில்லை. ஊடகத்தை எப்படி ஆராயணும்னு நம்மாட்களே செஞ்சு காமிச்சிருக்காங்க. தியடோர் பாஸ்கரன் தபால் துறை அதிகாரி. ஆவணக் காப்பகத்துல தூசி தட்டி, நாடகத்தையும் கிராமபோனையும் சினிமாவையும் வெச்சு சுதந்திரப் போராட்ட காலத்தைப் பத்தி 1981ல புத்தகம் போட்டார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992ல எம்.ஜி.ஆர். சினிமா ஏழைகள் மனசுல என்ன பண்ணுச்சுன்னு எழுதினார். ஒத்துக்கலாம், ஒத்துக்காம சண்டை போடலாம், ஆனா ஜல்லின்னு யாரும் சொல்ல முடியாது. ஆ.இரா. வேங்கடாசலபதி 2004ல 'முச்சந்தி இலக்கியம்' போட்டார். குஜிலி நூல்கள்னு ஒரு சரக்கு அந்தக் காலத்துல இருந்தது, மட்டமான பேப்பர்ல அச்சடிச்சு முச்சந்தியில பாடி வித்தது. கொலை, வெள்ளம், ரயில் விபத்து எது நடந்தாலும் உடனே ஒரு பாட்டு. அதாவது அன்னிய ஃபார்வர்ட். பண்டிதர்கள் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நின்னாங்க, நூலகங்கள் சேர்த்து வைக்கல. பல வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடித் தேடிப் பொறுக்க வேண்டியதாச்சு.

எங்க ஊர்லேர்ந்தே இன்னொண்ணு சொல்றேன். 1942ல அண்ணா 'திராவிட நாடு' பத்திரிகையைக் காஞ்சிபுரத்துலேர்ந்துதான் ஆரம்பிச்சார். ஒருத்தர் வாங்கிப் பத்துப் பேர் காதால கேட்ட பத்திரிகை. அப்போ அந்தத் தம்பி மாதிரி யாராவது தறித்தெருவுல போய், "தாங்கள் பத்திரிகை வாங்குவதுண்டா?"ன்னு கேட்டிருந்தா, "இல்லை", டிக், "பொருந்தாது"ன்னுதான் வந்திருக்கும். 1967 எப்படி வந்ததுன்னு அந்தக் கேள்வித்தாளை வெச்சுக்கிட்டு யாராலயும் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் காலத்துலயும் செய்ய முடியும். ஸ்ரீராம் வெங்கட்ராமன் பழைய மகாபலிபுரம் ரோட்டுப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட கிராமங்கள்ல பதினஞ்சு மாசம் இருந்து, அந்த இடத்துக்குப் "பஞ்சகிராமி"ன்னு ஒரு மாத்துப் பேர் குடுத்து, தென்னிந்தியாவுல சமூக ஊடகம்னு 2017ல ஒரு புத்தகம் எழுதினார். லண்டன் யூ.சி.எல். வெளியீடு, இணையத்துல சும்மாவே கிடைக்குது. யார் போன் யார் கையில இருக்கு, அண்ணன் தங்கச்சியோட போனை என்ன பண்றான், ஆபீஸ்ல உக்காந்து வீட்டோட எப்படிப் பேசிக்கறாங்கன்னு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கார். எல்லாத்தையும் ஒத்துக்கறேனாங்கறது வேற விஷயம். மனுஷன் அங்க உக்காந்தார்ல? கைவிரல் விட்டு எண்ணலாம்னு மேல சொன்னேனே, அதுல ஒரு விரல் இவருக்கு.

"சார், அதெல்லாம் பதினஞ்சு மாசம் யார் சம்பளம் குடுப்பா, நாங்க டேட்டா எடுத்துப் பண்றோம்"னு ஒரு பதில் வரும். தெரியும். எந்த டேட்டா? ட்விட்டர் இலவசமாக் குடுத்துக்கிட்டிருந்த கதவை 2023ல மூடிட்டாங்க. ஃபேஸ்புக்கைப் பார்க்க உதவின கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14ல சாத்தியாச்சு. டிக்டாக்கை 2020 ஜூன்ல அரசாங்கமே தடை பண்ணிடுச்சு, அத்திவரதர் வரிசையில நின்னுக்கிட்டு நம்ம ஜனங்க எடுத்த வீடியோ எல்லாம் அதோட போச்சு. வாட்ஸப்போ 2016 ஏப்ரல்லேர்ந்து முழுக்கப் பூட்டின பெட்டி, கம்பெனிக்காரனாலயே உள்ள படிக்க முடியாது. அது நல்லதுதான், திறக்கச் சொல்லி நான் கேக்கல. ஆனா உள்ள என்ன இருந்துதுன்னு தெரிஞ்சுக்க ஒரே ஒரு வழிதான் மிச்சம். ஆளைப் பார்த்து, "ஏம்மா, அதைக் காமிங்க, யார் அனுப்பினா, அனுப்பினதும் என்ன பண்ணீங்க"ன்னு கேக்கறது. சம்பளம் பத்தலன்னா உங்க அத்தை வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க.

அதுக்கும் நாள் போய்க்கிட்டே இருக்கு. 2019ல வெச்சிருந்த போன் இன்னிக்கு யார்கிட்ட இருக்கு? போன் மாத்தும்போது பாதி போச்சு, "ஸ்டோரேஜ் ஃபுல்"னு வந்தப்போ மீதி போச்சு. 2059ல ஒரு பொண்ணோ பையனோ நாலு அத்திவரதரை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணணும்னு எங்க ஊருக்கு வருவாங்க. 1939க்கும் 1979க்கும் பழைய பேப்பர் கிடைக்கும், போட்டோ கிடைக்கும். 2019க்கு? உலகத்துலயே அதிகமா எழுதி, பேசி, படம் எடுத்துத் தள்ளின 48 நாளுக்குக் கையில ஒண்ணும் இருக்காது. பேப்பர்ல வந்த "வாட்ஸப்பால் கூட்டம்"ங்கற ஒரு வரி இருக்கும்.

அதனால நான் என் பங்குக்கு ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கேன். 2019 ஜூலை, ஆகஸ்ட்ல வந்த அத்திவரதர் ஃபார்வர்ட் எதுவா இருந்தாலும், அப்படியே எழுத்துப் பிழையோட, ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கறேன். தேதி, எந்த ஊர் ஆள், அவருக்கு அனுப்பினது என்ன உறவு, பார்த்துட்டு என்ன பண்ணினார், போனாரா, எத்தனை பேரோட போனார், இவ்வளவுதான். பேரும் நம்பரும் எழுதறதில்லை, சொந்தக்காரரைக் கேக்காம எதையும் எடுக்கறதில்லை. உங்க வீட்டு டிராயர்ல, டிஸ்ப்ளே உடைஞ்சு சார்ஜர் தொலைஞ்சு ஒரு பழைய போன் கிடக்கும். அதை உயிர்ப்பிச்சுப் பாருங்க. அத்தை பெரியம்மா போனா இருந்தா ரொம்ப விசேஷம், அவங்கதான் எதையும் அழிக்க மாட்டாங்க. இப்போதைக்கு என்கிட்ட அறுபத்து மூணு சேர்ந்திருக்கு. அதுல ஆடியோ நாலே நாலு. எனக்கு ஆடியோதான் வேணும்.